காலித் தேதியை நிரப்பும் முன்: ஏற்காட்டு காபி நோட்டை வைத்து ஒரு செய்முறை

ஏற்காட்டுச் சிறு எஸ்டேட்டுகளில் காபி லாட் (சேர்த்துக் கையாளும் ஒரு காபித் தொகுதி) கணக்கு இன்னமும் நீள நோட்டில்தான் இருக்கிறது. ரைட்டர், அதாவது எஸ்டேட் கணக்கர், பேனாவால் எழுதுகிறார். சீசன் முடிந்ததும் நோட்டு மலையிறங்கி சேலம் அஸ்தம்பட்டியில் என் மேசைக்கு வந்து சேர்கிறது. நாகலூர், செம்மநத்தம், வாழவந்திப் பக்கத்துத் தோட்டங்களின் கணக்கைக் கணினியில் ஏற்றி, தேதிகளைச் சரிபார்த்து, காபி வாங்குபவர் கேட்கும் வடிவத்தில் கொடுப்பது என் தொழில். என் அப்பாவும் எஸ்டேட் ரைட்டராக இருந்தவர். எழுதாமல் விட்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு என்பது எனக்கு வீட்டிலேயே தெரிந்த சங்கதி.

அந்தக் காரணத்தை நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். நான் பைத்தான் நிரல்மொழியில், அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பைக் கொண்டு வேலை செய்கிறேன். ஆர், எஸ்க்யூஎல், ஸ்டேட்டா, எக்ஸெல் வைத்துச் செய்பவர்களுக்கும் வழி இதுதான். அவை வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

நோட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும் (பல்பர் என்பது பழத்தோலை உரிக்கும் இயந்திரம், பார்ச்மென்ட் என்பது அப்படி உரித்துக் கழுவிக் காயவைத்த கொட்டை, களம் என்பது காயவைக்கும் இடம், மேல்காடும் கீழ்காடும் தோட்டத்தின் பிரிவுகள்):

லாட் 14 | மேல்காடு | பார்ச்மென்ட் | பறித்தது 9-12-2024 | பல்பர் (காலி) | களம் 2 | அள்ளியது (காலி) | அனுப்பியது 20-1-2025
லாட் 15 | மேல்காடு | செர்ரி | பறித்தது மேற்படி | பல்பர் (காலி) | களம் 3 | அள்ளியது 26-12-2024 | அனுப்பியது 20-1-2025
லாட் 16 | கீழ்காடு | பார்ச்மென்ட் | பறித்தது (காலி) | பல்பர் 12-12-2024 | களம் 1 | அள்ளியது (காலி) | அனுப்பியது (காலி)

மூன்று வரியில் எத்தனை காலிக் கட்டம் பாருங்கள். ஆனால் எல்லாக் காலியும் ஒன்றல்ல.

லாட் 15 செர்ரி. பழத்தை அப்படியே தோலோடு களத்தில் காயவைப்பது. அது பல்பர் பக்கமே போகாது. ஆகவே அந்தக் கட்டம் காலியாக இருப்பதுதான் சரி. லாட் 16 நோட்டு என்னிடம் வந்த நாளில் இன்னும் கிடங்கைவிட்டுக் கிளம்பவில்லை. அனுப்பிய தேதி என்று ஒன்று இனிமேல்தான் உண்டாகும். லாட் 14-இன் பல்பர் தேதி, லாட் 16-இன் பறித்த தேதி, இரண்டு லாட்டின் அள்ளிய தேதி ஆகியவைதான் உண்மையில் நடந்து, எழுத விட்டுப்போன தேதிகள்.

பொருந்தாதது, இன்னும் நடக்காதது, நடந்தும் எழுதாதது. இந்த மூன்றையும் பிரிக்காமல் முழுப் பத்தியின்மேல் ஃபில்னா (காலியை நிரப்பும் கட்டளை) போட்டால், பல்பரைப் பார்க்காத செர்ரிக்குப் பல்பர் தேதி முளைக்கும், கிடங்கில் இருக்கும் மூட்டை ஊருக்குப் போய்விட்டதாகக் கணக்கு சொல்லும். மூன்றாவது வகையை மட்டும் நிரப்புங்கள். நிபந்தனை என்று நாம் எழுதுவதெல்லாம் இந்த வகையைக் கண்டுபிடிக்கத்தான்.

முதலில் தேதியைத் தேதியாக வாசியுங்கள்

நிரப்பும் வேலைக்கு முன்பே பாதிக் குழப்பம் இங்கே நடந்துவிடுகிறது. நம் ஊரில் 9-12-2024 என்றால் டிசம்பர் ஒன்பது. எழுத்தைத் தேதியாக மாற்றும் பாண்டாஸின் டு-டேட்டைம் கட்டளை, நாம் சொல்லாமல் விட்டால் மாதத்தை முதலில் வைத்து அதைச் செப்டம்பர் பன்னிரண்டாக எடுத்துக்கொள்ளும். அதே பத்தியில் 13-12-2024 வந்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாதே. பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழையை அடக்குவதற்காக எரர்ஸ் என்ற இடத்தில் கோயர்ஸ் என்று கொடுப்பவர்கள் உண்டு. கொடுத்தால் நிரல் ஓடும், ஆனால் நோட்டில் தெளிவாக இருந்த தேதி காலியாகிவிடும். இல்லாத காலியை நாமே உண்டாக்கி, பிறகு அதை நிரப்பவும் விதி தேடிக்கொண்டிருப்போம்.

அதனால் வடிவத்தை நீங்களே வெளிப்படையாகக் கொடுங்கள்: நாள், மாதம், ஆண்டு. மாற்றும் முன் எத்தனை காலி, மாற்றிய பின் எத்தனை காலி என்று இரண்டு முறை எண்ணுங்கள். எண் கூடியிருந்தால் மேலே போகாதீர்கள். கூடிய வரிகளை மட்டும் எடுத்துக் கண்ணால் பாருங்கள்.

எக்ஸெலிலிருந்து வரும் கோப்பில் தேதிக்குப் பதில் 45635 என்று ஓர் எண் நிற்கலாம். அது 2024 டிசம்பர் 9-தான். எக்ஸெல் 1900-ஐத் தொடக்கமாக வைத்து நாட்களை எண்ணுகிறது. ஸ்டேட்டாவும் சாஸ் என்ற இன்னொரு புள்ளியியல் கருவியும் 1960 ஜனவரி 1 முதலும், ஆர் 1970 ஜனவரி 1 முதலும் எண்ணும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெறும் எண்ணாகத் தூக்கிப் போடாதீர்கள்.

சேர்வராயன் மலையில் காபிப் பழம் எடுப்பது பெரும்பாலும் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பறித்த தேதி மே மாதத்திலோ செப்டம்பரிலோ விழுந்தால் அது நாளும் மாதமும் இடம் மாறிய வரி என்று நான் முதலில் சந்தேகப்படுவேன். உங்கள் தரவு எதுவாக இருந்தாலும் இப்படி ஒரு பருவ எல்லை இருக்கும். அதைக் கண்டுபிடித்து வையுங்கள்.

மேற்படி என்பது காலி அல்ல

பழைய ரைட்டர் ஒருவரிடம் இப்படித்தான் ஒரு காலிக் கட்டத்தைக் காட்டிக் கேட்டேன். "அதே தேதிதான் கண்ணு, மேல போட்டிருக்கேன் பாரு" என்றார். அவருடைய நோட்டில் காலி என்றால் மேற்படி. இன்னொரு எஸ்டேட்டில் மேற்படிக்கு இரண்டு கோடு போடுவார்கள், காலி என்றால் மறந்தது. யார் நோட்டில் எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு எந்த நிரலும் உதவாது.

தட்டச்சு செய்யும்போதே மேற்படிக் குறியை "மேற்படி" என்று எழுத்தாகவே ஏற்றுங்கள். மெய்யான காலியைக் காலியாகவே விடுங்கள். இந்த ஒரு பழக்கம் பின்னால் பெரிய வேலையை மிச்சப்படுத்தும். மேற்படி இருக்கும் வரிக்கு மட்டும்தான் மேல்வரித் தேதியைக் கீழே இழுக்க வேண்டும். பாண்டாஸில் அதற்கு எஃப்ஃபில், ஆரில் டைடிஆர் தொகுப்பின் ஃபில். எக்ஸெலில் காலிக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சமக்குறி போட்டு மேல் கட்டத்தைக் காட்டி, கன்ட்ரோலோடு என்டர் தட்டுவோம்.

இழுக்கும்போது இரண்டு காவல் வேண்டும். ஒன்று, எல்லை. மேல்காட்டின் கடைசித் தேதி கீழ்காட்டின் முதல் வரிக்குள் வழிந்து போகக்கூடாது. எனவே பக்கம், காடு இரண்டையும் சேர்த்து க்ரூப்பை (குழுவாகப் பிரிக்கும் கட்டளை) செய்து, குழுவுக்குள் மட்டும் இழுங்கள். குழுவின் முதல் வரியே மேற்படி என்று இருந்தால் அது நிரம்பாமல் நிற்கும். நிற்கட்டும். முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக் கையால் தீர்க்க வேண்டிய வரி அது.

இன்னொன்று, வரிசை. மேற்படி என்பது நோட்டின் வரிசையில்தான் பொருள்படும். தேதிப்படி அடுக்கிவிட்டால் பாண்டாஸ் காலித் தேதி வரிகளை எல்லாம் கடைசிக்குத் தள்ளிவிடும். பிறகு எஃப்ஃபில் போட்டால் சீசனின் கடைசித் தேதியே எல்லாவற்றுக்கும் விழும். பக்க எண், வரி எண் என்று இரண்டு பத்திகளைத் தட்டச்சின்போதே வைத்துவிடுங்கள். எப்போதும் அதைக்கொண்டே அடுக்கிவிட்டு இழுங்கள்.

விதியைத் தமிழில் எழுதிவிட்டு நிரலைத் தொடுங்கள்

எஸ்டேட்காரர் படித்துத் தலையாட்டக்கூடிய மொழியில் விதி இருக்க வேண்டும். அவர் "அப்படி இல்லையே" என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்தால்தான் விதி தேறும். நான் எழுதிக்கொள்வது இப்படி:

வகை செர்ரி என்றால், பல்பர் தேதியைத் தொடாதே.
நிலை "கிடங்கில்" என்றால், அனுப்பிய தேதியைத் தொடாதே.
வகை பார்ச்மென்ட், பல்பர் தேதி காலி, பறித்த தேதி இருக்கிறது என்றால், பல்பர் தேதி பறித்த தேதியே.
வகை பார்ச்மென்ட், பறித்த தேதி காலி, பல்பர் தேதி இருக்கிறது என்றால், பறித்த தேதி பல்பர் தேதியே.
இவற்றில் சேராதது காலியாகவே இருக்கட்டும்.

பறித்த அன்றே பல்பர் என்ற விதி என் கற்பனை அல்ல. பழம் குவியலில் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். பார்ச்மென்டுக்கான பழத்தை அன்றே பல்பரில் விட்டாக வேண்டும் என்பது காபித் தோட்டத்துக்கே பொது விதி. ஆனால் சாயங்காலம் நேரம் கடந்து வந்த பழத்தை மறுநாள் காலையில் விடும் தோட்டமும் உண்டு. பழம் வந்த நேரம் நோட்டில் இருந்தால் அதையும் நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொழிலின் முறை தெரியாமல் நிபந்தனை எழுத வராது.

நிரலில் இதைச் செய்ய, குறிப்பிட்ட வரிகளை மட்டும் பிடிக்கும் லோக் போதும்: மூன்று நிபந்தனைகளையும் அடைப்புக்குள் தனித்தனியாக வைத்து, உம்மைக்குறியால் இணைத்து, அந்த வரிகளுக்கு மட்டும் மதிப்பை வைக்கலாம். எஸ்க்யூஎல்லில் கேஸ் வென். காலியில்லாத முதல் மதிப்பை எடுக்கும் கோலஸ் மட்டும் போட்டால் நிபந்தனை விட்டுப்போகும், செர்ரிக்கும் சேர்ந்து நிரம்பும். ஆரில் சாதாரண இஃப்எல்ஸ் வேண்டாம். அது தேதி என்ற தன்மையை உரித்துவிட்டு 20066 போன்ற எண்ணைத் திருப்பித் தரும். டிப்ளையர் தொகுப்பின் இஃப்-எல்ஸ் அல்லது கேஸ்-வென் தேதியைத் தேதியாகவே வைத்திருக்கும்.

மூலப் பத்தியின்மேல் எழுதாதீர்கள். "பல்பர் தேதி" அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் "பல்பர் தேதி நிரப்பியது" என்று ஒன்று, அதற்குப் பக்கத்தில் "விதி" என்று ஒன்று. விதிப் பத்தியில் நோட்டு, மேற்படி, அன்றே பல்பர் என்று ஏதாவது ஒரு சொல் ஒவ்வொரு வரிக்கும் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு யாராவது "இந்தத் தேதி எங்கிருந்து வந்தது" என்று கேட்டால் பதில் அந்த வரியிலேயே இருக்கும். நிரப்பிய தேதியையும் ரைட்டர் கைப்பட எழுதிய தேதியையும் ஒரே தட்டில் வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு தேதி தெரியாவிட்டால் இரண்டு தேதி

லாட் 14-ஐக் களத்திலிருந்து அள்ளிய தேதி காலி. லாட் அனுப்பப்பட்டுவிட்டது, ஆகவே அள்ளியது நடந்ததுதான். ஆனால் எந்த நாள்? பறித்த தேதியோடு பத்தைக் கூட்டி ஒரு தேதியை வைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். வேண்டாம். இங்கே ஒரே தேதியைச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆனால் எல்லை சொல்ல நிறையவே இருக்கிறது.

அராபிகாவைப் பல்பரில் விட்டபின் தொட்டியில் 24 முதல் 36 மணி நேரம் ஊறவைத்து, கழுவி, களத்தில் விரிப்பார்கள். நல்ல வெயில் அடித்தால் பார்ச்மென்ட் காய 7 முதல் 10 நாள் ஆகும். டிசம்பர் 9-இல் பல்பருக்குப் போனது 10-க்கு முன் களத்துக்கு வராது. 17-க்கு முன் காய்ந்திருக்காது. ஆக முந்தைய எல்லை டிசம்பர் 17.

பிந்தைய எல்லையை வெயிலை வைத்துக் கணக்கிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் தொடரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்படிப்பட்ட வாரத்தில் பத்து நாளில் காய்ந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அதற்குப் பதில் களத்தையே கேளுங்கள். அதே களம் 2-இல் அடுத்த லாட் டிசம்பர் 20-இல் விரித்திருக்கிறார்கள் என்றால், லாட் 14 அன்றைக்குள் அள்ளியாகியிருக்க வேண்டும். அனுப்பிய தேதி ஜனவரி 20 என்பதும் ஓர் எல்லைதான். இரண்டில் முந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக, டிசம்பர் 17-க்கும் 20-க்கும் இடையே.

நிரலில்: களம்வாரியாகக் க்ரூப்பை, விரித்த தேதிப்படி அடுக்கு, ஷிஃப்ட்டுக்குக் கழித்தல் ஒன்று கொடுத்தால் அடுத்த வரியின் விரித்த தேதி இந்த வரிக்கு வரும். எஸ்க்யூஎல்லிலும் ஆரிலும் இதன் பெயர் லீட். லாட் 14 போல விரித்த தேதியே எழுதாத வரிகள் அடுக்கும்போது கடைசிக்கு ஓடாமல் இருக்க, மேலே கணக்கிட்ட முந்தைய விரிப்பு நாளை அடுக்குவதற்கு மட்டும் தற்காலிகமாகக் கொடுங்கள். அடுத்த லாட்டின் விரித்த தேதியும் காலியாக இருந்தால் அதற்கடுத்து நோட்டில் உறுதியாக எழுதிய விரித்த தேதியைப் பிடியுங்கள். எல்லை சற்றுத் தளரும், பொய்யாகாது. களத்தில் கடைசியாக விரித்த லாட்டுக்கு அடுத்தது என்று எதுவும் இல்லை. அது அனுப்பப்பட்டிருந்தால் அனுப்பிய தேதி எல்லை, இல்லையென்றால் பிந்தைய எல்லை காலியாகவே இருக்கும். அதற்கு இன்றைய தேதியைப் போட்டு அடைக்காதீர்கள். நிரலை ஓட்டும் ஒவ்வொரு நாளும் விடை மாறிக்கொண்டிருக்கும்.

இரண்டு எல்லைகளில் முந்தியதை எடுக்கும்போது ஒன்று காலியாக இருந்தால் என்ன நடக்கும் என்பதும் கருவிக்குக் கருவி மாறும். பாண்டாஸில் வரிவாரியான மின் காலியைத் தாண்டிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற எஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் லீஸ்ட்டும் தாண்டும். மைஎஸ்க்யூஎல்லின் லீஸ்ட்டில் ஒன்று காலி என்றால் விடையே காலி. ஆரின் பிமின்னுக்கு என்ஏவை நீக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வாங்குபவர் இந்த எல்லைகளை ஏற்பாரா என்று சிலர் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்பு விதியில் காபியும் இருக்கிறது. விளைந்த நிலத்தின் புவி அமைவிடத்தோடு உற்பத்தித் தேதியையோ உற்பத்திக் கால எல்லையையோ அது கேட்கிறது. எல்லை என்பதை அந்த விதியே ஒப்புக்கொள்கிறது. பிறகு எதற்காக நாம் ஒரு தேதியை இட்டுக்கட்ட வேண்டும்?

காலியை ஒப்பிட்டால் என்ன விடை வரும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள். "டிசம்பர் 15-க்குப் பிறகு பறித்தவை" என்று நிபந்தனை எழுதுகிறீர்கள். ஸ்டேட்டாவில் காலி என்பது எந்த எண்ணைவிடவும் பெரியது. காலித் தேதி வரிகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். சாஸில் காலி எந்த எண்ணைவிடவும் சிறியது. "15-க்கு முன்" என்று கேட்டால் வந்துவிடும். எக்ஸெலில் காலி சுழியமாகக் கணக்காகி இதேபோல முன்னால் நிற்கும். பாண்டாஸில் காலித் தேதியோடு பெரிதா, சிறிதா, சமமா என்று எதைக் கேட்டாலும் விடை இல்லை என்றே வரும். எஸ்க்யூஎல்லில் விடை ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. வரி சத்தமில்லாமல் விடுபடும். எந்தக் கருவியானாலும் தேதியை ஒப்பிடும் நிபந்தனைக்கு முன் "தேதி காலி இல்லை" என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

வரியே இல்லாத நாட்கள்

நாள்வாரிப் பழ எடைப் பதிவில் காலிக் கட்டம் இருக்காது. அந்த நாளே இருக்காது. நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை எல்லா நாட்களையும் டேட்-ரேஞ்ச் கொண்டு உண்டாக்கி, எடைப் பதிவை அதோடு இடப்பக்க இணைப்பாகச் சேருங்கள். ஆரில் கம்ப்ளீட், ஸ்டேட்டாவில் டிஎஸ்ஃபில், போஸ்ட்கிரெஸில் ஜெனரேட்-சீரீஸ். ரீஇன்டெக்ஸ் செய்வதானால் ஒரே நாளுக்கு இரண்டு வரி இருந்தால் பிழை வரும். முதலில் நாள்வாரியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது புதிதாக முளைத்த நாட்களுக்கு எடை என்ன? சுழியம் போடத் தோன்றும். இங்கேதான் செக்ரோல், அதாவது அன்றன்று வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேடு, கைகொடுக்கிறது. செக்ரோலில் அன்று ஒருவருக்கும் பேர் விழவில்லை என்றால் பறிப்பே நடக்கவில்லை: ஞாயிறு, பொங்கல், மழை. அன்று எடை சுழியம். பறிப்பு வேலைக்குப் பேர் விழுந்திருக்கிறது, எடை மட்டும் இல்லை என்றால் அது தொலைந்த எடை. அதற்குச் சுழியம் போட்டால் வெயிலில் கூடை சுமந்த பெண்களின் ஒரு நாள் உழைப்பு கணக்கிலிருந்து காணாமல் போகும். காலியாகவே விடுங்கள்.

செக்ரோலை இன்னொன்றுக்கும் பயன்படுத்துகிறேன். விதிகள் நிரப்பிய பறிப்புத் தேதிகளை எல்லாம் எடுத்து, அந்த நாளில் அந்தக் காட்டில் பேர் விழுந்திருக்கிறதா என்று இணைத்துப் பார்ப்பேன். ஆள் இல்லாத நாளில் பழம் பறித்ததாக ஒரு விதி சொன்னால், அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டு நகர வேண்டாம். அந்த விதி நிரப்பிய எல்லா வரிகளையும் பிரித்துப் பாருங்கள். கூடவே வரிசைச் சோதனையும் உண்டு: பறித்தது, பல்பர், விரித்தது, அள்ளியது, அனுப்பியது என்று எந்த வரியிலும் தேதி பின்னோக்கிப் போகக்கூடாது. இதைக் காலி அல்லாத அடுத்தடுத்த ஜோடிகளுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

எல்லாம் முடிந்தபின் எந்த விதியிலும் சேராத வரிகள் கொஞ்சம் மிஞ்சும். அவற்றைத் தனிக் கோப்பாக எடுத்து, லாட் எண், நோட்டின் பக்கம், வரி, என்ன காலி, நமக்குத் தெரிந்த முந்தைய எல்லை, பிந்தைய எல்லை என்று அச்சிட்டு, எதிரே எழுத இடம்விட்டு ரைட்டருக்கு அனுப்புங்கள். "எப்போது அள்ளினீர்கள்" என்று வெறுமனே கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "டிசம்பர் 17-க்கும் 20-க்கும் நடுவில், களம் 2-இல், அடுத்த லாட் விரிக்கும் முன்" என்று கேட்டால் பல நேரம் பதில் வருகிறது. வந்த பதிலை ஏற்றும்போது விதிப் பத்தியில் "ரைட்டர் சொன்னது" என்று எழுதி, கேட்ட தேதியையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.